மலைக்கு மரம், வருமானத்துக்குத் தகடு: தொட்டுப் படிக்கும் தரவுச் சிற்பங்கள்

"இங்க எதுக்குப் படிக்கட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார், நான் செய்த நிலப்பரப்பு மாதிரியைத் தடவிப் பார்த்த பார்வையற்ற தோழி ஒருவர். அவர் விரல் நின்ற இடத்தில் படியும் இல்லை, மேடும் இல்லை; மெல்லச் சரியும் நிலம்தான். த்ரீ-டி பிரிண்டர் அந்தச் சரிவை 0.2 மி.மீ. லேயர்களாக அடுக்கிவிட்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. பிரெய்ல் புள்ளியின் உயரமே ஏறக்குறைய அரை மி.மீ.தான். அதில் பழகிய விரலுக்கு 0.2 தட்டுப்படாமல் போகுமா?

அன்று முதல், தரவைத் தொட்டுப் படிக்கும் உருவமாக்கும் எந்த முறையானாலும் விரலை வைத்துத்தான் எடை போடுகிறேன். களத்தில் மூன்று முறைகள்: த்ரீ-டி பிரிண்ட், சிஎன்சி ரூட்டரில் (கணினி நகர்த்தும் சுழல் வெட்டுக் கருவி) மரத்தைச் செதுக்குவது, லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது.

முதலில் நிலப்பரப்பு. தரவுக்குப் பஞ்சமே இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்த உயரங்கள், பூமியின் பெரும்பகுதிக்கு, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் இலவசமாகவே கிடைக்கின்றன. இடிப்பது இயந்திரத்தில்தான். ஒரு கிலோமீட்டரை ஒரு மி.மீ. ஆக்கினால், 8,849 மீட்டர் எவரெஸ்ட் ஒன்பது மி.மீ.கூட வராது. பிளைவுட் 3 மி.மீ. என்றால் உலகின் உச்சிக்கு மூன்றே தகடு! அது மலையல்ல, வாசற்படி. பிரிண்டர் 44 லேயர் தரும். பரவாயில்லை, ஆனால் படிக்கட்டுத் தொல்லை அங்கேதான். சிஎன்சியில் சரிவு சரிவாகவே வரும். அதற்கும் ஒரு குறை உண்டு: செதுக்கும் உருண்டை முனை பிட் 3 மி.மீ. தடிமன் என்றால், 3 கிலோமீட்டருக்குக் குறுகிய பள்ளத்தாக்குகளின் அடிவரை அது இறங்காது. ஆறு ஓடும் இடம் மழுங்கிப்போகும்.

உயரத்தை மட்டும் இரண்டு, மூன்று மடங்கு இழுத்துவிடுவது வழக்கம். தப்பில்லை, அடிப்பலகையில் அதைச் சொல்லிவிட்டால். மலைக்கு என் ஓட்டு மரத்துக்கே. தூசி, இரைச்சல், உப்புத்தாளோடு கழியும் மாலைகள் எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். விரல் வழுக்கிக்கொண்டு போய் ஒரு முகட்டில் தானாக நிற்கிற சுகம் பிளாஸ்டிக்கில் வரவில்லை. மரத்தில் நிலத்தைச் செதுக்குவது புதிதும் அல்ல. கிழக்கு கிரீன்லாந்தில் 1880களில் குனித் என்பவர் கடற்கரையின் நெளிவுகளை மரத்துண்டில் செதுக்கி, டென்மார்க் ஆய்வாளர் குஸ்தாவ் ஹோல்மிடம் தந்தார். கரை ஒரு பக்க விளிம்பில் ஏறி, மறுபக்க விளிம்பில் இறங்கித் தொடரும். கம்ப்யூட்டரும் இல்லை, ரூட்டரும் இல்லை.

பொருளாதாரத் தரவுக்கு வந்தால் ஆட்டமே வேறு. இங்கே இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும்: உயரம் எதைக் குறிக்கிறது? நாட்டின் வடிவத்தை அடியாக வைத்து, மொத்த உற்பத்தியை உயரமாக்கினால் பெரிய நாடு இரண்டு முறை பெரிதாகிறது. பரப்பில் ஒரு முறை, உயரத்தில் ஒரு முறை. சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவு உற்பத்தி என்பதை உயரமாக்கினால்தான் கட்டையின் கன அளவு மொத்த உற்பத்திக்குச் சரியாகப் பொருந்தும். கையில் தூக்கினால் எடையே தரவு. அழகான யோசனைதான், சிங்கப்பூர் வரும்வரை. அங்கே அந்த அடர்த்தி ரஷ்யாவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. சிங்கப்பூர்த் தூண் 10 செ.மீ. என்றால் ரஷ்யா தலைமுடித் தடிமன்கூடத் தேறாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கைக் குறிக்கும் மடக்கை (log) அளவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, விரலால் மடக்கையை அவிழ்க்க முடியாது. நகர நாடுகளைத் தனிப் பீடத்தில் நிறுத்திவிடுவேன்.

தலா வருமானம் என்றால் நாட்டு வடிவமே வேண்டாம். ஒரே அடிப்பரப்புள்ள தூண்கள் போதும். இங்கே சிஎன்சி கைவிட்டுவிடும், நெருக்கமாக நிற்கும் உயரமான தூண்களுக்கு நடுவே பிட் இறங்காது. பிரிண்டர் தூண்களை அச்சடித்துத் தரும். புது ஆண்டுத் தரவு வந்தால் ஒரு தூணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் மெல்லிய தூண், பக்கவாட்டில் கை பட்டால் லேயரோடு லேயராக முறிகிறது. தொடுவதற்கென்றே செய்த பொருள் தொட்டால் ஒடிவது என்ன நியாயம்?

மலையிடம் தோற்ற பிளைவுட் இங்கே ஜெயிக்கிறது. மலைக்குக் குறையாக இருந்த அதே படி, இங்கே எண்ணிக்கை ஆகிறது. அரை மி.மீ. தாண்டி நீளும் விளிம்போடு ஒரு தகடு விட்டு ஒரு தகடை வெட்டினால் நகத்தால் எண்ணிவிடலாம்.

அப்படிச் செய்த ஒரு தூணை அதே தோழியிடம் கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் அடியிலிருந்து எண்ணிக்கொண்டே போனார்: "...ஏழு, எட்டு, ஒன்பது. சரி, ஒரு தகடுன்னா எவ்வளவு?"

அதை நான் அடிப்பலகையில் பொறிக்கவே இல்லை.