ஆபீஸ் வைஃபைக்குப் பாஸ்வேர்டா, சான்றிதழா?

எங்கள் ஆபீஸில் சுமார் 150 லேப்டாப்கள், பெரும்பாலும் விண்டோஸ். வைஃபையில் நுழைய மூன்று வழிகளையும் பார்த்தாகிவிட்டது. முதலில் பாஸ்வேர்டு, அப்புறம் கையால் போட்ட சான்றிதழ் (லேப்டாப்பின் அடையாள அட்டை மாதிரி ஒரு டிஜிட்டல் ஃபைல்), இப்போது தானாக வந்து உட்காரும் சான்றிதழ். என் ஓட்டு மூன்றாவதுக்கு.

பாஸ்வேர்டு, அதாவது அவரவர் லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் பீப்-எம்எஸ்சாப்வி2 முறை, வைக்கச் சுலபம். அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதியான எம்எஸ்சாப்வி2-ஐ ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே காட்டிவிட்டார்கள். பீப் அதை டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் வைப்பது உண்மைதான். ஆனால் எதிரே நிற்பது, வைஃபையில் யாரை விடலாம் என்று முடிவு செய்யும் நம் ரேடியஸ் சர்வர்தானா என்று லேப்டாப்போ ஃபோனோ சரிபார்த்தால்தான் அந்த உறைக்கு மரியாதை. ஃபோனில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று போட்டுவிட்டு வேலையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். போதாததற்கு விண்டோஸ் 11 22எச்2 என்டர்பிரைஸில் லாகின் ரகசியங்களைப் பூட்டிவைக்கும் கிரெடென்ஷியல் கார்டு தானாகவே இயங்கத் தொடங்கியது. லாகின் பாஸ்வேர்டு வைஃபைக்குத் தானாகப் போவது நின்றது. அத்தோடு பாஸ்வேர்டு வழியை மூட்டை கட்டினோம்.

அடுத்தது கையால். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் சான்றிதழ் தயாரித்து, அதையும் அதன் ரகசியச் சாவியையும் சேர்த்து பிஎஃப்எக்ஸ் ஃபைலாகப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போனேன். கூடுதல் சர்வர் எதுவும் வேண்டாம். பத்து மெஷின் உள்ள இடத்துக்கு இன்றும் இதையே சொல்வேன்.

எங்களைக் கவிழ்த்தது புதுப்பித்தல். அத்தனையையும் ஒரே ஜனவரி வாரத்தில், ஓராண்டு ஆயுளோடு போட்டிருந்தேன். அடுத்த ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி லேப்டாப்போடு என் மேஜை முன் நின்றார்கள். திரையில் 'இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை' என்று மட்டும்தான் வருகிறது, காரணம் இல்லை. எங்கள் ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸின் லாகைத் திறந்தால் வரிக்கு வரி 'சர்ட்டிஃபிகேட் ஹேஸ் எக்ஸ்பயர்டு'. நினைவூட்டல் வைக்காதது என் தப்பு. மறுபடியும் பென் டிரைவோடு மேஜை மேஜையாக மூன்று நாள்.

தானாக வரும் வழியில் இந்த நடை இல்லை. ஆபீஸ் விண்டோஸ் மெஷின்களை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் சான்றிதழ் சர்வர் ஒன்று, எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு அனுப்பும் குரூப் பாலிசியில் ஆட்டோ என்ரோல்மென்ட் (தானாகச் சான்றிதழ் வாங்குவது), அவ்வளவுதான். அந்த சர்வரில் இருக்கும் 'கம்ப்யூட்டர்' டெம்ப்ளேட்டை (சான்றிதழ் மாதிரியை) நகலெடுத்தால் ஆயுள் 1 ஆண்டு, முடிய 6 வாரம் இருக்கும்போதே புதுப்பிக்கத் தொடங்கும். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் லேப்டாப் ஆபீஸ் பக்கம் வந்தால் போதும். பிரைவேட் கீ, அதாவது சான்றிதழின் ரகசியச் சாவி, அந்த மெஷினிலேயே உருவாகிறது, பென் டிரைவில் நகல் சுற்றுவதில்லை. விண்டோஸ் சர்வரோடு வரும் என்பிஎஸ்ஸை ரேடியஸாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: சான்றிதழைக் கணக்கோடு பிணைக்கும் விதியை 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இறுக்கியது. அதற்கு வேண்டிய எஸ்ஐடி (கணக்கின் அடையாள எண்), ஆட்டோ என்ரோல்மென்டில் தானாகவே ஏறிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆறு மாதம் பிரசவ விடுப்பில் போனவரின் லேப்டாப்பில் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். புதியது வாங்க நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க்கில் நுழையச் சான்றிதழ் வேண்டும். அதற்கென என் மேஜையில் ஒரு லேன் போர்ட் ஒதுக்கியிருக்கிறேன். அதில் சொருகினால் டொமைன் சர்வர்களையும் சான்றிதழ் சர்வரையும் தவிர வேறெதுவும் தெரியாது. ரத்தான சான்றிதழ்களைச் சொல்லும், சான்றிதழ் சர்வர் வெளியிடும் ரத்துப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். அதன் கெடு முடிந்து புதியது வராவிட்டால், பட்டியலைப் பார்க்கச் சொல்லியிருக்கும் ரேடியஸ் நல்ல சான்றிதழையும் சேர்த்து எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். ரேடியஸ் சர்வரின் சொந்தச் சான்றிதழ் முடியும் தேதி இப்போது என் காலண்டரில் சிவப்பில் இருக்கிறது.

மேக் விஷயத்தில் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நான்கே மேக்புக்தான், எம்டிஎம் (சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக, ஸ்கெப் என்ற சான்றிதழ் வாங்கும் முறையில் சான்றிதழ் இறங்குகிறது. எட்டு மாதமாகத் தொல்லை இல்லை. ஆனால் இன்னும் ஒரு புதுப்பித்தலைக்கூட அவை தாண்டவில்லை. சொந்த ஃபோன்களுக்குச் சான்றிதழே கிடையாது, கெஸ்ட் வைஃபைதான்.

லேப்டாப் வாங்குகிறவர்கள் யுஎஸ்பி-லேன் அடாப்டர் நாலைந்து சேர்த்து வாங்குங்கள். மெல்லிய லேப்டாப்களில் லேன் துளையே இருப்பதில்லை. அந்தப் பொங்கல் வாரத்தில் ஆபீஸ் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைத்தது இரண்டு, அதில் ஒன்று ஓடவில்லை.