காரைக்குடி வெயிலில் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ

கம்ப்யூட்டர் ப்ராசஸரைக் குளிர்விக்கும் தெர்மல்ரைட்டின் இந்தக் கூலரில் சூட்டைக் கடத்தும் ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன். உயரம் 155 மி.மீ.; கேபினெட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வழக்கத்தைவிட வேகமாக ஓட்ட, இது தாராளம்.

ஆனால் காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் ப்ராசஸர் சூட்டை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. சித்திரையில் மொட்டைமாடி அறை 38 டிகிரி என்றால், 28 டிகிரியில் எடுத்த ரிவ்யூ எண்களோடு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள கீழ்வீட்டு அறைக்கு கம்ப்யூட்டரை மாற்றுவதே முதல் வேலை. செம்மண் புழுதிக்கு டஸ்ட் ஃபில்டர் கட்டாயம்.

பழைய கூலரைக் கழற்றும் முன் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் இளகியதும் ஆஃப் செய்து, இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்து அதன் அடியிலுள்ள பின்கள் (ஊசிகள்) வளைந்துவிடும். மதர்போர்டின் பின்பக்கத் தகடு அப்படியே இருக்கட்டும். 5600 பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் இந்தக் கூலரை மாட்ட அதுதான் வேண்டும்.

5600-க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. முழு லோடில் 80-க்குள் வைத்திருங்கள். வோல்டேஜை ஏற்றுவதைவிட பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) வேகத்தைத் தானே கூட்டும் பிபிஓ-வை ஆன் செய்து, வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10-இல் தொடங்குவது பாதுகாப்பு. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடிவிட்டதை மட்டும் நம்பாதீர்கள். லோடு குறைந்த நேரத்தில் ஒற்றை கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் போதாமல் ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை இரவு முழுக்க ஓட்டி, தவறும் கோரை மட்டும் மைனஸ் 5-க்குக் கொண்டுவாருங்கள். ஏ520 சிப்செட் மதர்போர்டில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யும் வசதி கிடையாது, பி550 எடுங்கள்.