வாய்மொழி ஆஃபரை நம்பி மற்ற கதவுகளை அடைத்துவிடாதீர்கள்

டெக்ஸாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே வசிக்கிறோம். நம்மவர் பிள்ளைகள் இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுவது அரிது. அதனால், உதவித்தொகையோடு கல்லூரி அணியில் இடம் பிடிப்பது பற்றி விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. இப்போது பத்தாம், பதினோராம் வகுப்பில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த நிலை வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகன் கிக்கர், அதாவது இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புபவன். உதைக்கும் வலது காலுக்கு ஓர் அளவு சிறிய ஷூவும் இடது காலுக்குச் சரியான அளவும் வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் பாதியை வீணாக்குவது எங்கள் வீட்டு வழக்கம். 2023 ஜூனில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய பயிற்சி முகாமில், 47 கெஜத் தொலைவிலிருந்து அடுத்தடுத்து நான்கு பந்துகளை உதைத்து உள்ளே அனுப்பினான். மறுநாளே அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர் வழியாக, ‘பையனை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்’ என்ற செய்தி வந்தது. அந்த வயதுப் பையனைப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் தாமாக அழைக்க விதி இடம் கொடுப்பதில்லை, பையன் அழைத்தால் பேசலாம். அவன் அழைத்தான். ‘உனக்கு முழு ஸ்காலர்ஷிப் ஆஃபர் தருகிறோம்’ என்றார்.

பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வாங்கிப் பழகிய எனக்கு, அந்தச் சொல்லும் ஏறத்தாழ ஆணையாகவே காதில் விழுந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி, பள்ளி இறுதியாண்டு தொடங்கும் ஆகஸ்ட் 1-க்கு முன் எந்தக் கல்லூரியும் எழுத்தில் ஆஃபர் தர முடியாது. அதற்கு முன் கிடைப்பதெல்லாம் வாய்ச்சொல்தான். பையன் ‘கமிட்’ ஆகிவிட்டேன், அதாவது இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று அறிவிப்பதும் அப்படிப்பட்டதே. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. ஆனால் பையன் மனம் மாறினால் ஊரே பேசும். கல்லூரி மனம் மாறினால் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

2024 ஜூனில் அந்தக் கல்லூரியின் அழைப்பில் வளாகத்துக்குச் சென்றோம். அவனுக்கு அணியின் சீருடையை மாட்டி, புகை கிளப்பி, நீல விளக்கடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அன்று மாலையே கமிட் ஆனான். ‘இனி நீ எங்கள் பையன், மற்ற முகாம்களுக்குப் போய்க் காலை வருத்திக்கொள்ளாதே’ என்று பயிற்சியாளர் அக்கறையோடு சொன்னதால், பகுதி உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்த இரண்டு சிறிய கல்லூரிகளை அவனே அழைத்து, மரியாதையாக மறுத்தான். அந்த இரண்டு அழைப்புகளைத்தான் இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

ஆகஸ்ட் 1 வந்து போனது. கடிதம் வரவில்லை. கேட்டபோது, அலுவலகத்தில் காகித வேலை நடக்கிறது என்றார். செப்டம்பரிலும் அதே பதில்தான் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நவம்பர் இறுதியில், வீரர்கள் கல்லூரியோடு கையெழுத்திடத் தொடங்கும் நாளான டிசம்பர் 4-க்கு ஒன்பது நாள் இருக்கையில் அழைப்பு வந்தது. ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் அனுபவமுள்ள கிக்கர் ஒருவரை, டிசம்பரில் திறக்கவிருந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து, அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாகவும், என் மகன் விரும்பினால் உதவித்தொகை இல்லாத ‘வாக்-ஆன்’ ஆகச் சேரலாம் என்றும் சொன்னார். பேச்சு நான்கு நிமிடத்தில் முடிந்தது.

அவர்கள் தரப்பில் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2021 முதல் கல்லூரி வீரர்கள் முதல் முறை மாறும்போது ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானதும், பள்ளிப் பையனைவிடத் தேர்ந்த ஆளை எடுப்பது பயிற்சியாளர்களுக்கு எளிதாகிவிட்டது. மாணவ வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2024 அக்டோபரில் நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் தந்தது. அதன்படி 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு நீங்கி, அணியில் மொத்தமே 105 பேர் என்ற வரம்பு வரவிருந்தது. உதவித்தொகை இல்லாதவர்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் அப்போதே ஆள் குறைக்கத் தொடங்கின. எங்களுக்குச் சொன்ன வாக்-ஆன் இடமும் ஜனவரியில் காணாமல் போனது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கு மாறப்போவது தெரிந்த பிறகும், கடைசி ஒன்பது நாள் வரை ஒரு பையனைக் கையிருப்பாக வைத்திருந்ததற்கு எந்த விதியும் காரணமாகாது.

ஆகவே, ஆஃபர் என்று யாராவது சொன்னால், ‘இன்றே கமிட் ஆனால் ஏற்றுக்கொள்வீர்களா, இந்த ஆண்டில் எத்தனை கிக்கர்களுக்கு இதே ஆஃபர் தந்திருக்கிறீர்கள்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பலருக்குச் சொல்லிவைத்து, முதலில் வருபவரை எடுப்பது இங்கே சாதாரணம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடிதம் கைக்கு வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மற்ற கல்லூரிகளோடு மறுபடி பேசத் தொடங்குங்கள். 1964 முதல் இருந்துவந்த ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற ஒப்பந்தம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றிப் பேசும் பழைய வழிகாட்டிகளை நம்பவேண்டாம். இப்போது கல்லூரியைக் கட்டுப்படுத்துவது, தொகையும் காலமும் குறித்துக் கையெழுத்திட்ட நிதியுதவி ஒப்பந்தம்தான்.

மகன் மறுத்திருந்த இரண்டு கல்லூரிகளிலும் அதற்குள் கிக்கர் இடம் நிரம்பிவிட்டது. பள்ளிப் பயிற்சியாளர் பத்துப் பதினைந்து இடங்களுக்கு அவனுடைய வீடியோவை அனுப்பினார். என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்று பதில் எழுதியது. அந்தப் பிரிவில் ஒரு ஃபுட்பால் அணிக்கு மொத்தம் 36 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான். அதைத் துண்டு துண்டாகப் பலருக்குப் பிரித்துத் தருவார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தம் இரண்டே பக்கம். கட்டணத்தில் கால் பங்கு, எந்தக் கல்வியாண்டு, நிதியுதவி அலுவலரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. மகன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தான்; 20 மாதங்களில் நாங்கள் காகிதத்தில் ஓர் எண்ணைப் பார்த்தது அன்றுதான்.