ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான்கு வருடம்: கார் பெயிண்டில் உப்புத் தண்ணீர்க் கறை

என் கார் கருநீலம். வாங்கிய புதிதில் ஒரு நாள் உச்சி வெயிலில் வாட்டர் வாஷுக்கு விட்டேன். போர் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெளியே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பானட் முழுக்க வெள்ளை வட்டங்கள். வீட்டில் மறுபடி கழுவினேன். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் அதே இடத்தில் அதே வட்டம்.

எங்கள் பக்கம் போர் தண்ணீரை உப்புத் தண்ணி என்றுதான் சொல்வோம். அதனால் இதுவும் உப்பு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெறும் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரில் கரைந்து போயிருக்கும். போகாமல் பிடித்துக்கொள்வது சுண்ணாம்பு. ஹீட்டர் காயிலில் மொறமொறவென்று படியுமே, அதே சரக்கு. ஷாம்பூ எவ்வளவு போட்டாலும் அசையாது, புளிப்புக்குத்தான் இளகும். பித்தளை அண்டாவுக்குப் புளி போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புளியையே காரில் தேய்த்துவிடாதீர்கள், நாரும் கோதும் பெயிண்டைக் கீறிவிடும்.

நான் பயன்படுத்துவது மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு டிஸ்டில்டு வாட்டர். விடிகாலையில், பானட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும்போது, காரைக் கழுவிவிட்டு மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒரு நிமிடம் போட்டு வைப்பேன். அழுத்தித் தேய்ப்பதில்லை. துணி காய்வதற்குள் எடுத்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுவேன். முதல் தடவை பாதி போனது, இரண்டாவதில் மீதி. வினிகர் வாக்ஸையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அப்புறம் வாக்ஸ் போட்டே ஆகவேண்டும்.

கறை போய்விட்டதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பெயிண்டை லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுவென்று இருந்த இடம் கவருக்குள் மணல் மாதிரி நெருடும். அந்த நெருடலை எடுக்க, க்ளே பார் என்று களிமண் மாதிரி ஒரு மெத்தென்ற கட்டி கிடைக்கும், அதைத் தேய்க்க வேண்டும்.

வழுவழுவென்று இருந்தும் வட்டம் தெரிந்தால், பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சையே, அதாவது க்ளியர் கோட்டையே, கறை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வினிகர் உதவாது, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்த்து மேல்தோலைச் சீவத்தான் வேண்டும். க்ளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெலிது. வருஷா வருஷம் சீவக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. நான் நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் செய்தேன்.

பெயிண்டுக்கு மேல் பாதுகாப்புக்காகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் கறையே வராது என்பதை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போட்டிருக்கிறார். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. துடைக்காவிட்டால் அந்த முத்து அப்படியே காய்ந்து வட்டமாகிறது.

எனக்குக் கைகொடுத்தது மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழுவதை டிரம்மில் பிடித்து மூடி வைப்பேன். கழுவுவது போர் தண்ணீரில்தான்; கடைசி ஒரு வாளி மட்டும் மழைத் தண்ணீர், உடனே துடைத்துவிடுவேன். டிரம் காலியானால் ஆர்ஓ தண்ணீர். பாம்பன் பாலத்தில் காற்று பலமாக அடிக்கிற நாளில் போய் வந்தால், அன்றைக்கே ஒரு அலசு.

இப்போது பானட் சுத்தமாக இருக்கிறது. இடது கண்ணாடிக்குக் கீழே மட்டும், அந்த முதல் நாளில் விழுந்த ஒரு வட்டம் சாய்வெயிலில் தெரிகிறது. காம்பவுண்டு போட்ட பிறகும் தங்கிய ஆழமான அரிப்பு. அதை இனித் தொடப்போவதில்லை.