தனித்தனி வீடு, ஒரே பாட்டு: ஜாமுலஸா, ஸ்மூலா?

வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல்லவி முடிவதற்குள் தாளம் தள்ளாடிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது; 30 மில்லிவிநாடித் தாமதம் என்றால் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு பாடுவது போல. அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தே பாட்டு நத்தையாக ஊரத் தொடங்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு.

ஜாமுலஸ் இலவசமான திறமூல மென்பொருள். இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் வைஃபையை நம்பி இறங்கக் கூடாது, கம்பி இணைப்பு வேண்டும். ஹெட்போனும் கம்பி வைத்ததாக இருக்கட்டும். புளூடூத் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். எல்லோர் குரலையும் கலந்து திருப்பி அனுப்பும் சர்வர் வெகுதொலைவில் இருந்தால் இத்தனையும் வீண். முதல் நாள் மாலை அமைப்புகளோடு மல்லுக்கட்டவே சரியாகப் போகும். ஆனாலும், அடுத்தவர் மூச்சிழுப்பது காதில் விழுந்து, அதே கணத்தில் நாமும் சரணத்தை எடுக்கிறோமே, அதற்கு ஈடில்லை.

ஸ்மூல் என்ற பாட்டுச் செயலியில் ஒருவர் தன் பகுதியைப் பாடிப் பதிந்து வைக்கிறார். மற்றவர் வசதிப்பட்டபோது அதன்மேல் பாடிச் சேர்க்கிறார். கைப்பேசி போதும், இணையத் தாமதம் குறுக்கிடாது. முதலில் பாடுபவர்தான் பாவம், எதிர்க்குரல் இல்லாத வெறுமையில் பாடியாக வேண்டும். கடல் கடந்த நண்பருடன் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.