நைனாவுக்கு எடுத்த சீனியர் சிட்டிசன் பாலிசி: 5க்கு 2 ஸ்டார் தான்

எங்க நைனாவுக்கு 68 வயசு, சுகர் பிபி ரெண்டும் இருக்குது. காட்பாடில ஒரு ஏஜெண்ட் மூலமா 3 லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி எடுத்து இது மூணாவது வருசம். பிரீமியம் கம்மியா இருக்குதேன்னு எடுத்தேன், ரூம் வாடகை லிமிட் என்னான்னு நானும் கேக்கல அவரும் சொல்லல.

போன மாசம் வேலூர்ல ஹெர்னியா ஆபரேசன். பாலிசி எடுத்து 2 வருசம் ஆனா தான் அதுக்கு பணம் குடுப்பாங்க, அந்த வெய்ட்டிங் முடிஞ்சிட்டதால கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு கட்டிடறது) சீக்கிரமே கெடச்சிச்சு, அதுக்கு தான் அந்த 2 ஸ்டார். பிரச்சனை பில்லுல. பாலிசில ரூமுக்கு ஒரு நாளைக்கு 3,000 தான், நாங்க 4,500 ரூம் எடுத்துக்கினோம், மூணு நாளைக்கு 4,500 கைய விட்டு போவும் போனா போவுதுன்னு நெனச்சேன், ஆனா டாக்டர் ஃபீஸ் தியேட்டர் சார்ஜ்னு 78,000 வந்துச்சே அதுலயும் அதே கணக்குல மூணுல ஒரு பங்கு வெட்டிட்டாங்க, 26,000 போச்சு. மருந்து செலவுல மட்டும் கை வெக்கல. மிச்சத்துல 20% கோ-பே வேற, அதாவது நம்ம கைலேர்ந்து கட்ட வேண்டிய பங்கு. மொத்தம் 1,20,000 பில்லுக்கு அவங்க குடுத்தது 71,600. நைனா ஆஸ்பத்திரி கட்டில்ல உக்காந்துக்கினு "என்னால உனக்கு செலவுப்பா"ன்னு சொன்னாரு பாருங்க, தாங்க முடியல.

அடுத்த ரெனீவலுக்கு வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணப்போறேன், அதாவது பாலிசிய அங்க மாத்திக்கப்போறேன். ரெனீவல் தேதிக்கு 45 நாள் முன்னாடியே அப்ளை பண்ணணும், இது வரைக்கும் முடிஞ்ச வெய்ட்டிங் வீணா போவாது. ரூம் லிமிட் இல்லாத 5 லட்சம் பாலிசி, அதுமேல 5 லட்சம் டிடக்டிபிள் (அந்த தொகைய தாண்டுன பில்லுக்கு தான் குடுப்பாங்க) வெச்சு ஒரு சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் வேணாங்க, அதுல ஒவ்வொரு தடவ அட்மிசனுக்கும் தனித்தனியா 5 லட்சம் தாண்டணும், சூப்பர்ல வருசத்து மொத்த பில்லும் சேத்து தாண்டுனா போதும், வயசானவங்க அடிக்கடி அட்மிட் ஆவுறதால இது தான் சரி. 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல, அந்த காச இதுல போடலாம்.

வீட்ல 70 வயசு ஆனவங்க இருந்தா ஆதார் வெச்சு மத்திய அரசோட ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு எடுத்துடுங்க, வருமானம் பாக்கமாட்டாங்க, வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இலவச சிகிச்சை. நைனாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது, அதுவரைக்கும் பாலிசி தான்.

அட்மிசன் போடறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் டெஸ்க்ல "என் பாலிசிக்கு எந்த ரூம் வரைக்கும் எடுக்கலாம்"னு கேட்டுக்கோங்க, நான் டிஸ்சார்ஜ் அன்னிக்கு தான் கேட்டேன்.