மாமரத்துக்கு எது பெரிய எதிரி: பழ ஈயா, தத்துப்பூச்சியா, தண்டு துளைப்பானா?

மாமரப் பூச்சிகளில் எது மோசம் என்று கேட்டால் பலரும் பழ ஈயைத்தான் சொல்வார்கள். ஆசையாக அறுத்த பழத்துக்குள் வெள்ளைப் புழு நெளிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் விளைச்சல் கணக்குப் பார்த்தால் தத்துப்பூச்சிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

பழ ஈ, முதிர்ந்த காயின் தோலுக்கு அடியில் முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்ன, பழம் அழுகி விழும். அதாவது, காய்த்து நின்றதில்தான் அது பங்கு கேட்கிறது. தத்துப்பூச்சியோ பூவிலேயே கை வைத்துவிடும். சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆனால் குஞ்சும் வளர்ந்ததுமாகக் கூட்டம் கூட்டமாகப் பூங்கொத்தில் சாறு உறிஞ்சினால், பூ காய்ந்து பிஞ்சு பிடிக்காமலே கொட்டிப்போகும். போதாக்குறைக்கு, அவை வெளியேற்றும் இனிப்பான கழிவு இலையில் படிய, அதன்மேல் கரும்பூசணம் படரும். இலை கருத்துப் பிசுபிசுத்தால் பூசணத்துக்கு மருந்து தேடாமல் பூச்சியைத் தேடுங்கள். கிளைகள் அடர்ந்து நிழல் கட்டிய தோப்புதான் இதற்குப் பிடித்த இடம். கவாத்து செய்து வெயிலும் காற்றும் புக விட்டால் பெருக்கம் குறையும்.

பழ ஈயைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஆண் ஈக்கள் ‘மெத்தில் யூஜினால்’ என்ற கவர்ச்சிப் பொருளின் வாசனையைத் தேடி வந்து பொறியில் விழும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி அழித்தால், புழுக்கள் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாவதையும் தடுக்கலாம்.

கொட்டை வண்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. பிஞ்சில் நுழைந்த புழு கொட்டைக்குள் போய்விடும். நுழைந்த காயமும் ஆறிவிடும். சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. தலைவலியெல்லாம் பழத்தை ஏற்றுமதி செய்கிறவருக்குத்தான்.

தண்டு துளைப்பானை இந்த வரிசையில் வைப்பதே சரியில்லை. மற்றவை ஒரு பருவத்தைக் கெடுக்கும். இது மரத்தையே சாய்க்கும். நீளக் கொம்புள்ள வண்டின் புழு, மாதக்கணக்கில் மரத்துக்குள் குடைந்துகொண்டே இருக்கும். கிளை வாடும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. அப்புறம் பூவுக்கு மருந்து அடித்து என்ன பயன்? அதனால் அடிமரத்தைச் சுற்றி மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். துளையிலிருந்து புதிதாகத் தூள் உதிர்ந்தால் புழு உள்ளேதான் இருக்கிறது. வளையும் கம்பியை உள்ளே விட்டுக் குத்தி எடுத்து, மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் துளையை அடைத்துவிடலாம்.